பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் பூ போட்டவள்

கல்யாண ஆல்பத்தை விரித்தால் எல்லோரும் பெண்ணைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், கழுத்தில் கிடக்கும் நகையை எடை போடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் கிடக்கும் பூவையும் கொடியையும் பார்க்கிற ஒரே ஜீவன் அதைப் போட்டவள்தான்.

போட்டோ ஸ்டுடியோவிலும் டிடிபி சென்டரிலும் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்துபோன என் இனத்தாரே, உங்களுக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபிலிம் ரோல் ஒழிந்து டிஜிட்டல் போட்டோ வந்த புதுசு. திருப்பதியில் ஒரு சந்துக்குள் மாடி மேல் முனிரத்தினம் அண்ணாவின் கடை. பூ, கொடி, மயில், மாங்காய் என்று பேக்ரவுண்டு டிசைன் போட்டு, சிடியில் ஏற்றி, சித்தூர் ஜில்லா முழுக்க ஸ்டுடியோக்காரர்களுக்கு விற்பார். புதுசு புதுசாக வெப்சைட் ஆரம்பிக்கிறவர்களும் வருவார்கள். டிசைன் போடுவது நான். பெயர் பியூலா. ஊர் புத்தலப்பட்டுப் பக்கம்.

தொழில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு சின்னச் சதுரம் போடவேண்டும். அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் ஒட்டு தெரியக்கூடாது. அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதா'னில் என் இளமை பூராவும் போயிருக்கிறது.

தேடாதே

முதல் நாள். சித்தூரில் டிடிபி படித்து முடித்து, எல்லாம் தெரியும் என்ற திமிரோடு போய் உட்கார்ந்தேன். அண்ணா கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சதுரத்தைத் திரையில் காட்டினார். அதில் பாதிப் பூ ஒன்று. ஓரத்தில் வெட்டுப்பட்ட இலை. கீழே யாரோ கடித்துத் துப்பினது போல ஒரு மொட்டு. 'இது என்ன கண்றாவி, இதுக்கா ஆளைக் கூப்பிட்டார்' என்று மனசுக்குள் நினைத்தேன். அவர் ஒரு பட்டனைத் தட்டினார்.

அடேயப்பா! திரை முழுக்கப் பூந்தோட்டம். இந்தப் பக்கம் வெட்டுப்பட்ட இலை அந்தப் பக்கத்துப் பாதியைப் பிடித்துக்கொண்டது, கடிபட்ட மொட்டு மேலே போய் முழு மொட்டாகிவிட்டது, கொடி ஒன்று எங்கே கிளம்பியது எங்கே போய்ச் சேர்ந்தது என்றே தெரியவில்லை. அண்ணா பெரிசாக்கிக்கொண்டே போகிறார், அது வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு நிஜமாகவே மயிர்க்கூச்செறிந்தது. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சதுரம் எங்கே முடிகிறது என்று விரலால் தடவித் தேடினேன். அண்ணா டீ குடித்து முடித்துத் திரும்பி வந்தபோதும் நான் தேடிக்கொண்டுதான் இருந்தேன். அவர் சொன்னார்: "தேடாத பியூலா. அது கெடைச்சிட்டா நான் கடைய மூடிக்கினு போவணும்."

"ஃபேன் கீதா?"

நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு ஓடி ஒளியத் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் சபையில் ஆராதனை முடிந்ததும் ஐயரம்மா பிடித்துக்கொள்வார். எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்போம், அவர் சம்சாரம் ஐயரம்மா. "டீச்சரா? நர்ஸா? பேங்கா?" என்று வரிசையாகக் கேட்பார். "பொண்ணு மாப்பிள போட்டோவுக்குப் பின்னால பூ போடறேங்கம்மா" என்பேன். கவலையாக, "ஒக்கார்ற எடத்துல ஃபேன் கீதா?" என்பார். கீதுங்கம்மா என்றால் நிம்மதியாகப் போய்விடுவார்.

ஐயரம்மாவைச் சமாளிக்கலாம், எங்கள் நைனாவை முடியாது. நைனா கூலிக்கு மண் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, சொந்தமாகத் துண்டு நிலம் வாங்கி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். கைக்கு அகப்படாத எதையும் அவர் வேலை என்று ஒத்துக்கொள்ளமாட்டார். இந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து அத்தை போன் செய்துவிட்டாள். நைனாவுக்கு அக்கா. அங்கே ஒரு அரபி வீட்டில் சமையல் வேலை. பக்கத்து வீட்டுக்கு ஆள் கேட்கிறார்கள், பியூலாவுக்கு விசா எடுத்துவிடட்டுமா என்றாள். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பெண்கள் குவைத்தில்தான் இருந்தார்கள், யாரும் தப்பாக நினைக்கிற காரியமில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை. யாரோ வீட்டில், பாஷை தெரியாமல், வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்க்கப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம், அந்தச் சதுரத்தை விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்பது. அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு வேளை துன்னாமல் கிடந்தேன். கடைசியில் நைனா இறங்கி வந்தார். "கிறிஸ்மஸுக்கு அத்த வருது. அதுக்குள்ள நீ செய்றது வேலதான்னு எனக்குப் புரிய வெய்யி. புரியலன்னா அதுகூட வண்டி ஏறு."

வந்தவர்கள் வரிசையில்

ஏர்பேட்டிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கூடவே கல்யாணப் பெண்ணின் அம்மா. ஆல்பம் முழுக்க எங்கள் மல்லிகைப்பூ டிசைன். அந்த மல்லிகைச் சரத்தை அண்ணாவேதான் மார்க்கெட்டில் வாங்கி வந்து, வாடுவதற்குள் ஸ்கேனர் கண்ணாடி மேல் பரப்பி, மூடியைச் சாத்தி ஸ்கேன் எடுத்தார். பூவுக்குள் ஒரு எறும்பு இருந்திருக்கிறது. பாவம், அதுவும் சேர்ந்து பதிந்துவிட்டது. ஒரு சதுரத்தில் ஒரு எறும்பு என்றால் கண்ணுக்குத் தெரியாது. ஆல்பம் பூராவும் அந்தச் சதுரம்தானே! மணவறையில் எறும்பு, தாலி கட்டும்போது எறும்பு, மறுவீட்டில் எறும்பு. எல்லாம் ஒரே இடைவெளியில், ஒரே திசையில், தலையைத் தூக்கிக்கொண்டு போகிறது.

அண்ணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நானோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரே ஒரு எறும்பு இத்தனை பெரிய ஊர்வலமாகப் போகும் என்று யார் கண்டது! இதில் ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. வேறு டிசைன் போட்டு முழு ஆல்பமும் மாற்றித் தருகிறோம் என்று அண்ணா கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எறும்பு வந்தா லட்சுமி வர்ற மாதிரின்னுதான் நானும் சொல்லுவேன். ஆனா பந்திக்கி வரவேணாமா? பொண்ணு மூக்குக்கிட்ட அதுக்கின்னா வேல?"

மேனேஜர் செருப்பைக் கழற்றினார்

திருப்பதியில் லாட்ஜுக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வெப்சைட் வைக்க ஆரம்பித்த காலம். அமெரிக்காவிலிருக்கும் பக்தர் அங்கேயே ரூம் போட்டுவிட்டுப் பிளேன் ஏறுவாராம். ஒரு லாட்ஜ் மேனேஜர் வந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம். வெப்சைட்டுக்குப் பின்னால் வெளிர் மஞ்சளில் சங்கு டிசைன் வேண்டும், உடனே வேண்டும் என்றார். அவசரத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்துவிட்டால் ஓரமும் ஓரமும் தானாகப் பொருந்திவிடும். அப்படியே செய்து திரையை நிரப்பினேன். ஆராதனைக்குப் போகிற பெண்ணுக்குச் சங்கைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு அது ஒரு வளைந்த பொருள், அவ்வளவுதான்.

மேனேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். அப்புறம் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். என்ன தப்பு செய்தேனோ என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அண்ணாதான் என் காதோரம் சொன்னார். சாதாரணச் சங்கின் சுழி ஒரு பக்கம் போகும். எதிர்ப்பக்கம் சுழிந்தால் அது வலம்புரி, லேசில் கிடைக்காது, கிடைத்தால் பூஜையில் வைத்துக் கும்பிடுவார்கள். நான் கண்ணாடி மாதிரி திருப்பியதில் பாதிச் சங்கு வலம்புரியாகிவிட்டது. ஒன்று விட்டு ஒன்று, திரை முழுக்க வலம்புரி! அந்த மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. போகும்போது வாசலில் நின்று தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "அம்மாயி, வேற டிசைன் போடறதுக்காக இத டெலிட் கிலீட் பண்ணிடாத. பாவம் சுத்திக்கும்."

ஆபு, ஆபு!

மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்கு ஒரு வெப்சைட். சித்தூர்ப் பக்கத்து மாம்பழம் கூழாகி டின்னில் அடைபட்டு அரபு நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் போக ஆரம்பித்திருந்தது. பின்னால் முழுக்கத் தோத்தாபுரி மாங்காய் வேண்டும் என்றார்கள். மாதிரிக்குக் காய் கொண்டுவந்தவர் தோப்புக்காரர் ஒருவர், வயசானவர், தலையில் துண்டு. காயைக் கொடுத்துவிட்டுப் போகாமல், என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கொண்டுவந்ததில் லட்சணமான மூன்று காயை எடுத்துப் படம் பிடித்து, இலை சேர்த்து, சதுரமாக்கித் திரையில் நிரப்பினேன். திரை நிறைந்தது. கீழே தள்ளினேன், இன்னும் காய். இன்னும் தள்ளினேன், இன்னும் காய். மரமில்லை, தண்ணீரில்லை, மருந்தில்லை, காய் மட்டும் கொத்துக் கொத்தாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. பெரியவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஸ்டூல் நுனிக்கு வந்தார். அப்புறம் எழுந்தே நின்றுவிட்டார். என் தோளுக்குப் பின்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. இவர் அசந்துபோனது போல எங்கள் நைனாவும் ஒரு நாள் அசந்து நிற்கமாட்டாரா என்று நினைத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் காட்டலாம் என்று தள்ளினேன். பெரியவர் தலைத் துண்டை அவிழ்த்து உதறிக் கத்தினார்: "ஆபும்மா, ஆபு! நிறுத்து! இவ்ளோ காய் மார்க்கெட்டுக்கு வந்தா எவன் வாங்குவான்? வெல விழுந்துரும்!"

நைனா வந்தார்

மழை விட்ட ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல், நைனாவே கடைக்கு வந்து நின்றார். ஆராதனைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் பச்சை மல்லாட்டை ஒரு பை. அத்தை ஊருக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டாளாம், விசாவுக்குப் பதில் கேட்கிறாளாம். அதனால் நேரில் பார்த்துவிட்டே பதில் சொல்வது என்று முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அண்ணா ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். எனக்கோ அவசர வேலை. "கொஞ்சம் இருங்க நைனா, இத்த முடிச்சிட்டு வரேன்" என்று திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கே வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சதுரத்தின் நாலு ஓரமும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஓரத்தில் வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது, அதைத் தட்டினால் ஓரங்கள் எல்லாம் உள்ளே திரும்பி நடுவுக்கு வந்துவிடும். பொருந்தாத ஓரங்கள் இடிக்கிற இடம் மேலிருந்து கீழே ஒரு கோடாகவும் குறுக்கே ஒரு கோடாகவும் தெரியும். பக்கத்திலிருக்கிற இலையையும் பூவையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்தக் கோட்டின் மேல் அப்பி மறைக்கவேண்டும். அன்றைக்கு நான் போட்டுக்கொண்டிருந்தது கருஞ்சிவப்பில் செம்பருத்தி. நடுவில் கோடு வெளிறித் தெரிந்தது. நான் மும்முரமாக மறைத்துக்கொண்டிருக்கிறேன்.

நைனா பார்த்தது இதெல்லாம் இல்லை. சிவப்புத் திரை. அதன் நடுவே பெரிசாக ஒரு வெள்ளைச் சிலுவை. அவர் பெற்ற பெண், சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றியிருக்கிற ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சிலுவையைத் துளித் துளியாக அழித்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்டூல் விழுந்த சத்தத்தில் திரும்பினேன். நைனா நின்றுகொண்டிருந்தார். "எழுந்திரு பியூலா. ஊட்டுக்குப் போவலாம்" என்றார். ஏன் நைனா என்றேன். "எங்க தாத்தன் வேதத்துக்கு வந்தப்போ ஊர்க் கெணத்துல தண்ணி மொள்ள உடல. அப்பவும் அந்த ஆளு சிலுவைய உடல. நீ சம்பளத்துக்கு அத்த அழிச்சிக்கினு கீற." எங்கள் நைனா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதார். குவைத்து கிவைத்து எல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது. இந்த மனிதர் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் நான் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உயிரோடிருப்பேன்?

"ஐயோ நைனா, அது சிலுவையே இல்ல, ஜாயிண்ட்டு!" என்றேன். நம்பவில்லை. அண்ணா சொன்னார், அதையும் நம்பவில்லை. "இது நீங்களா வரஞ்சி வெச்சது" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த பையை வெடுக்கென்று பிடுங்கி, பச்சை மல்லாட்டையை அள்ளி, மண்ணோடும் வேரோடும் ஸ்கேனர் கண்ணாடியில் கொட்டினேன். அண்ணாவுக்கு உயிரே போயிருக்கும், ஆனாலும் தடுக்கவில்லை. ஸ்கேன் எடுத்தேன், சதுரமாக வெட்டினேன், "இது உங்க நெலத்துல வெளஞ்சதா இல்லியா, நல்லா பாத்துக்கோங்க நைனா" என்று அந்தக் கட்டளையைத் தட்டினேன்.

மல்லாட்டைக்கு நடுவிலும் சிலுவை வந்து நின்றது.

நைனா ஓரடி பின்னால் போனார். "இதுலயும் வருதே!" என்றார், குரலே எழும்பாமல். "எதுல போட்டாலும் வரும் நைனா. ஓரம்னு ஒண்ணு கீற எல்லாத்துலயும் வரும்" என்றேன். அண்ணா கவிழ்ந்த ஸ்டூலை எடுத்துப் போட்டார். நைனா உட்கார்ந்தார். ஒரு காயின் பாதியை இன்னொரு காயின் பாதியோடு சேர்த்தேன். அறுந்த வேரை அந்தப் பக்கத்து வேரோடு இழைத்தேன். வேரை வேரோடு சேர்ப்பது செம்பருத்தியைவிடக் கஷ்டம், சாமி, அன்றைக்குத்தான் தெரிந்தது. நைனா என் கையைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் அவரே எழுந்து விரலை வைத்து, "இங்க கொஞ்சம் தெரியுது" என்றார். சரி செய்தேன். "இங்க?" என்றார். அதையும் சரி செய்தேன். அப்புறம் அவர் விரல் திரை மேலே சும்மா அலைந்தது, நிற்க இடம் கிடைக்காமல்.

நிரப்பினேன். திரை முழுக்க மல்லாட்டை. எங்கள் நிலத்து மண் ஒட்டிய காய்கள், வேரோடு வேர் பின்னி, வரப்பே இல்லாமல். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நைனா மூச்சுவிட மறந்து நின்றார். பிறகு அண்ணாவின் செல்போனைக் கேட்டு வாங்கி, எனக்கு முன்னாலேயே குவைத்துக்குப் போட்டுக் கத்தினார், தூரதேசம் என்பதால் இன்னும் சத்தமாக: "அக்கா, விசாவ வேற யாருக்காச்சும் குடு! எங்க பியூலா எதுல கை வெச்சாலும் மொதல்ல சிலுவ வருது, அப்புறம் அது எங்க போச்சுன்னே தெரியாம எல்லாம் ஒண்ணா சேந்துக்குது. இது இன்னா வேலன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா இது வேலதான் அக்கா, சத்தியமா வேலதான்!"

இன்றைக்கும் சபையில் யாராவது என் உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தால் நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திருப்பதியில கம்ப்யூட்டர்ல மல்லாட்ட பயிர் வெக்கிறா" என்றுதான் சொல்கிறார், நானும் திருத்தியதில்லை, ஏனென்றால் அதைவிடச் சரியாகச் சொல்ல எனக்கும் தெரியாது.